ராஜாளி பழக்கியவர்களே ராஜாளியைக் காத்த கதை

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



களத்து மேட்டில் கோழி குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருக்கும். தரையில் ஒரு நிழல் ஓடும். தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும். அத்தனை குஞ்சும் ஓடிப்போய் அதன் சிறகுக்குள் புகுந்துகொள்ளும். வீட்டுக்குள்ளிருந்து ஆத்தா கையைத் தட்டிக்கொண்டு, "பருந்து வந்துட்டான் பாரு" என்று கூவிக்கொண்டே ஓடி வருவார். இதைப் பார்க்காத கிராமத்து வீடு கிடையாது. அதனால்தான் பருந்து, வல்லூறு, ராஜாளி என்று பேர் சொன்னாலே நமக்குத் திருட்டுப் பறவை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இன்றைக்கு அந்தத் திருட்டுப் பறவையின் சரித்திரத்தைத்தான் சொல்லப்போகிறேன். பயிரைப் பற்றிச் சொல்லாமல் பறவையைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டாரே என்று நினைக்காதீங்க. இந்தக் கதை நடந்தது அமெரிக்காவில். ஆனால் இதில் வருகிற குற்றவாளி நம் தெளிப்பானுக்குள் இருந்தவன்தான். கடைசியில் இந்தக் கதை நம் மாட்டுக் கொட்டகை வாசல் வரைக்கும் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

யார் இந்த ராஜாளி?

ராஜாளி வகையில் உலகமெங்கும் பேர் பெற்ற பறவை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பெரிகிரின் என்பார்கள். ஆண் பறவை ஏறக்குறைய அறுநூறு, எழுநூறு கிராம் எடைதான். பெண் பறவை அதைவிடப் பெரிது. உயரத்திலிருந்து சிறகை மடக்கிக்கொண்டு இரையின் மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோ மீட்டருக்கு மேல் வேகம் போகும். உயிரினங்களில் இதைவிட வேகமானது வேறில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் கூடு கட்டும் ஷாஹீன் என்பதும் இந்த இனத்தின் ஒரு பிரிவுதான். குளிர்காலத்தில் வட தேசங்களிலிருந்து இதன் உறவுப் பறவைகளும் நம் பக்கம் வந்து போகின்றன.

இந்தப் பறவையைப் பழக்கி வேட்டையாடும் கலை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையானது. அரபு நாடுகள், மத்திய ஆசியா, ஐரோப்பா, நம் வட இந்திய அரண்மனைகள் எல்லாவற்றிலும் இருந்தது. காலில் தோல் வார் கட்டுவார்கள். மிரளாமல் இருக்கக் கண்ணை மூடும் தோல் குல்லாய் போடுவார்கள். தினமும் தராசில் நிறுத்து எடை பார்ப்பார்கள். எடை கூடினால் பறவை பசி இல்லாமல் பறந்து போய்விடும். குறைந்தால் நோய் வந்து செத்துவிடும். மாட்டின் கண்ணைப் பார்த்தே அதன் உடம்பைச் சொல்லும் விவசாயி மாதிரி, பறவையின் இறகையும் எச்சத்தையும் பார்த்தே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடுவார்கள் இவர்கள். இந்த நுணுக்கம்தான் பின்னால் உதவிக்கு வந்தது.

அமெரிக்காவில் இப்படிப் பறவை பழக்குவோர் 1961ஆம் ஆண்டு ஒன்றுகூடி வட அமெரிக்க ராஜாளி பழக்குவோர் சங்கத்தை அமைத்தார்கள். பிறகு மாநிலம் மாநிலமாகச் சங்கங்கள் வந்தன. கலிஃபோர்னியா சங்கம் 1971ல் தொடங்கியது. ஊருக்கு ஊர் கூடுவது, புதியவர்களுக்குப் பழக்கம் சொல்லிக் கொடுப்பது, வேட்டைக் களத்தில் சந்திப்பது, இதுதான் சங்கத்தின் வேலை. பார்ப்பவர்களுக்கு இது பொழுதுபோக்கு. சிலர் இன்னும் கடுமையாக, கூட்டிலிருந்து குஞ்சை எடுக்கிறவர்கள் என்று ஏசவும் செய்தார்கள்.

புறாக்காரர்கள் கொடுத்த மனு

இப்போது கதை இங்கிலாந்துக்குப் போகிறது. அங்கே பந்தயப் புறா வளர்ப்பவர்கள் அதிகம். 1960 வாக்கில் அவர்கள், "ராஜாளிகள் பெருகிவிட்டன, எங்கள் புறாக்களைத் தின்று தீர்க்கின்றன, அவற்றுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பை எடுக்க வேண்டும்" என்று அரசிடம் முறையிட்டார்கள். அரசும் சரி, முதலில் எண்ணிப் பார்ப்போம் என்றது. டெரக் ராட்கிளிஃப் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் தலைமையில் 1961, 1962 ஆண்டுகளில் பாறை பாறையாக ஏறிக் கணக்கெடுத்தார்கள்.

கணக்கு தலைகீழாக வந்தது! பெருகியதாகச் சொன்ன பறவை பல மாவட்டங்களில் காணாமல் போயிருந்தது. இருந்த கூடுகளிலும் முட்டைகள் உடைந்து கிடந்தன. தாய்ப் பறவையே தன் முட்டையைத் தின்ற அடையாளமும் இருந்தது.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். அந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் ராஜாளிகள் வழக்கமாகக் கூடு வைக்கும் 133 இடங்களை 1964ல் போய்ப் பார்த்தார்கள். ஒன்றில்கூடக் குடும்பம் நடத்தும் ஜோடி இல்லை. மறுஆண்டு, 1965ல், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் ஜோசஃப் ஹிக்கி என்ற பேராசிரியர் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களைக் கூட்டினார். பறவை பழக்குவோரும் அந்தக் கூட்டத்துக்குப் போனார்கள். ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுக் கணக்கைச் சொல்லச் சொல்ல, எங்கும் ஒரே கதை என்பது தெரிந்தது.

தோல் முட்டையின் மர்மம்

காரணம் என்ன? இதை நம்ம கோழிப் பண்ணையை வைத்தே புரிந்துகொள்ளலாம். முட்டைக்கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் என்ன ஆகும்? ஓடு மெலிந்து, கை பட்டால் உடையும் தோல் முட்டையாகப் போடும். அதற்குத்தானே தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலக்கிறோம்?

ராட்கிளிஃபுக்கும் இந்தச் சந்தேகம்தான் வந்தது. பழைய முட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே! அந்தக் காலத்தில் பறவை முட்டைகளைத் திருடி, உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்டு, ஓட்டை மட்டும் பெட்டியில் அடுக்கி வைப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. தேதி போட்டு வைத்திருந்த அந்த ஓடுகளை அவர் எடுத்து நிறுத்துப் பார்த்தார். 1947ஆம் ஆண்டை ஒட்டி ஓட்டின் கனம் திடீரென்று ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. 1967ல் இந்த முடிவை வெளியிட்டார். ஹிக்கியும் அவருடைய மாணவர் ஆண்டர்சனும் 1968ல் அமெரிக்க முட்டைகளிலும் இதையே கண்டார்கள்.

1947ஐ ஒட்டி என்ன வந்தது? டி.டி.டி. வந்தது.

டி.டி.டி.க்குப் பூச்சியைக் கொல்லும் சக்தி உண்டென்று 1939ல் ஸ்விட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டுபிடித்தார். கொசுவையும் பேனையும் ஒழித்து எத்தனையோ மனித உயிரைக் காப்பாற்றியதற்காக 1948ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நன்மையை நாம் மறுக்க வேண்டாம். ஆனால் போர் முடிந்த பிறகு அதே மருந்து வயலுக்கும் காட்டுக்கும் டன் கணக்கில் போயிற்று. அது எளிதில் அழியாத மருந்து. கொழுப்பில் போய்த் தங்கிவிடும். வாய்க்கால் தண்ணீரில் உள்ள உப்பு தலைமடையில் தெரியாது, கடைமடையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் அல்லவா? அதைப்போல, இலையில் கொஞ்சம், அதைத் தின்ற பூச்சியில் இன்னும் கொஞ்சம், நூறு பூச்சி தின்ற குருவியில் அதிகம், நூறு குருவி தின்ற ராஜாளியில் மிக அதிகம். இந்தச் சங்கிலியின் கடைமடை ராஜாளி. உடம்பில் டி.டி.டி. சிதைந்து உண்டாகும் டி.டி.இ. என்ற பொருள், முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவிடாமல் தடுத்தது. தாய் அடை உட்கார்ந்தால் அதன் எடைக்கே முட்டை நொறுங்கியது.

தாய்ப் பறவை செத்து விழவில்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை இல்லாமலே ஒரு வம்சம் ஓசைப்படாமல் முடிந்துகொண்டிருந்தது.

கோழிக் கொட்டகை போல ராஜாளிக் கொட்டகை

இனி சங்கத்துக்காரர்களிடம் வருவோம். டாம் கேட் என்பவர் நியூயார்க் மாநிலத்திலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் பறவையியல் பேராசிரியர். சிறு வயது முதலே ராஜாளி பழக்குபவர். "மருந்தைத் தடை செய்வதற்குள் பறவை தீர்ந்துவிடும். நாமே கொட்டகையில் வைத்துக் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டால் என்ன?" என்று அவரும் நண்பர்களும் யோசித்தார்கள். 1970ல் பெரிகிரின் நிதியம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

நடக்காத காரியம் என்று சொன்னவர்களே அதிகம். பாறை உச்சியில், ஆகாயத்தில் ஜோடி சேரும் பறவை கொட்டகைக்குள் முட்டையிடுமா? ஆனால் அதே மாநிலத்தில் ஹெய்ன்ஸ் மெங் என்ற இன்னொரு பேராசிரியர், அவரும் பறவை பழக்குபவர்தான், 1971ல் தன் ஜோடியிடமிருந்து குஞ்சு எடுத்துக் காட்டினார். தன் பறவைகளைக் கேடுக்குக் கொடுத்தும் உதவினார்.

இன்னும் பல சங்க உறுப்பினர்கள், ஆண்டுக்கணக்கில் கையில் வைத்துப் பழக்கிய பறவைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உழவு மாட்டைப் பிள்ளை போல வளர்த்தவருக்குத்தான் அதன் வலி தெரியும். காசு கொடுத்தாலும் வராத பறவை அது. காட்டில் பிடிக்கவோ பறவையே இல்லை. அன்றைக்கு அவர்கள் கொட்டகையில் நின்றவைதான் விதை நெல்லாக மிஞ்சியவை. விதை நெல்லைக் குத்திச் சாப்பிடாமல் விதைப்புக்குக் கொடுத்தவர்கள் என்றே அவர்களைச் சொல்லலாம்.

கையாண்ட முறைகள் நமக்குப் புதிதல்ல. கோழி முட்டையை எடுத்துவிட்டால் மேலும் முட்டை போடும் அல்லவா? அதேபோல முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துக் கருவியில் அடை வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் தாய் அடுத்த ஈடு போட்டது. ஜோடி சேராத பறவைகளுக்கு, நாம் மாட்டுக்குச் செய்வதுபோலச் செயற்கைக் கருவூட்டல் செய்தார்கள். மேற்குப் பகுதியில், மிஞ்சியிருந்த காட்டுக் கூடுகளிலிருந்து மெல்லிய முட்டைகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் பொய் முட்டையை வைத்தார்கள். நல்ல முட்டையைக் கருவியில் பொரித்து, குஞ்சைக் கொண்டுபோய் அதே தாயிடம் விட்டார்கள். தாயும் ஏற்றுக்கொண்டது.

1973ல் கார்னெல் கொட்டகையில் மூன்று ஜோடிகளிலிருந்து இருபது குஞ்சுகள் வளர்ந்தன. அதற்குப் பிறகு நடக்காத காரியம் என்று யாரும் சொல்லவில்லை.

காட்டில் விட்ட விதம்

குஞ்சு பொரித்தால் மட்டும் போதுமா? வேட்டையாடத் தெரியாத குஞ்சைக் காட்டில் விட்டால் பட்டினியில் சாகும். இங்கேதான் சங்கத்தாரின் பழங்கலை கை கொடுத்தது. அவர்கள் முன்னோர் பல நூற்றாண்டாகச் செய்த பழக்கம் ஒன்று உண்டு. பறக்கத் தொடங்கும் வயதுக் குஞ்சைப் பாறை மேல் ஒரு பெட்டியில் வைப்பார்கள். ஆளைக் காட்டாமல் இரையைப் போடுவார்கள். ஏறக்குறைய ஆறு வாரம் ஆனதும் கதவைத் திறந்துவிடுவார்கள். குஞ்சு பறந்து பழகும். பசித்தால் பெட்டிக்கு வந்து தின்னும். சில வாரத்தில் தானே வேட்டையாடக் கற்றுக்கொண்டு, பெட்டியை மறந்துவிடும். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் அப்புறம் அதைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். இவர்கள் பிடிக்காமலே விட்டுவிட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

1974 முதல் இப்படி விடத் தொடங்கினார்கள். கஷ்டமும் வந்தது. பாறைகளில் விட்ட குஞ்சுகளைப் பெரிய ஆந்தைகள் இரவில் வந்து கொன்றுபோட்டன. அதனால் கடலோரச் சதுப்பில் கோபுரம் கட்டி விட்டார்கள். நகரத்து உயர்ந்த கட்டடங்களின் மாடியில் விட்டார்கள். அங்கே புறாவுக்குப் பஞ்சமில்லை, ஆந்தைத் தொல்லையும் குறைவு. 1980ல் நியூ ஜெர்சி மாநிலத்தில், கொட்டகையில் பிறந்து கோபுரத்தில் விடப்பட்ட பறவைகள் தாமே ஜோடி சேர்ந்து குஞ்சு பொரித்தன.

கலிஃபோர்னியாவில் 1970ல் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே ஜோடிகள் மிஞ்சியிருந்தன. அங்கே 1975ல் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு தொடங்கியது. பறவை பழக்குவோர் அந்தக் குழுவிலும் உழைத்தார்கள். கயிறு கட்டிப் பாறையில் இறங்கினார்கள். பல மாதம் கூடாரம் போட்டுக் காவல் இருந்தார்கள்.

இத்தனையும் நடந்தது, 1972ல் அமெரிக்க அரசு விவசாயத்தில் டி.டி.டி.யைத் தடை செய்ததால்தான் பலித்தது என்பதை மறக்கக்கூடாது. விஷம் நிற்காமல் குஞ்சை மட்டும் விட்டிருந்தால், அடைக்காத மடையில் தண்ணீர் இறைத்த கதைதான்.

1975ல் வட அமெரிக்காவில் தெரிந்திருந்த ஜோடிகள் 324 மட்டுமே. 1974க்குப் பிறகு மொத்தம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளை விட்டார்கள். 1999 ஆகஸ்டில், அழிந்துவரும் உயிரினப் பட்டியலிலிருந்து அந்த ராஜாளியை எடுத்தபோது, அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்ந்து 1,650 ஜோடிக்குக் குறையாமல் இருந்தன.

குறையும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது சரித்திரம் ஆகாது. கிழக்கில் இருந்த நாட்டு ரகம் முற்றும் அழிந்துபோனதால், பல தேசத்து ரகங்களைக் கலந்து விட்டார்கள். இது சரியா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. நாட்டு ரக நெல் போனபின் வேறு ரகம் விதைப்பது மாதிரிதான். வயல் நிறையும், பழைய ரகம் வராது.

ராஜாளி பழக்குவோர் எல்லோரும் யோக்கியர் என்றும் சொல்ல முடியாது. களவாகக் குஞ்சு எடுத்து விற்றார்கள் என்று அங்கே சிலர் மேல் வழக்குகள் வந்தன. 1976 முதல் அந்நாட்டில் கடுமையான விதிகள் உண்டு. தேர்வு எழுத வேண்டும், மூத்தவர் ஒருவரிடம் குறைந்தது இரண்டு ஆண்டு சீடராக இருக்க வேண்டும், கொட்டகையை அதிகாரி வந்து பார்க்க வேண்டும். நம் நாட்டில் நிலைமையே வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ராஜாளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு யாரும் கூட்டில் கை வைத்துவிடாதீங்க.

நம்ம கொட்டகைக்கு வந்த கதை

1990களில் நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. வெண்முதுகுக் கழுகில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டது. காரணம் தெரியாமல் எல்லோரும் திகைத்தார்கள். பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தது லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை அறிவியல் நிபுணரின் குழு. அந்த வேலையை நடத்தியது எது தெரியுமா? ராஜாளி பழக்குவோர் தொடங்கிய அதே பெரிகிரின் நிதியம்தான்.

2004ல் வெளியான அந்த முடிவு இதுதான்: மாட்டின் வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு சில நாளில் இறந்தால், அந்த இறைச்சியைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். நம் அரசு 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற மருந்துகளும் 2023ல் கால்நடைக்குத் தடையாயின. நம் மாநிலத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கழுகுகள் கூடு கட்டுகின்றன. அவை பிழைப்பதும் மடிவதும் அந்த வட்டாரத்து மாட்டுக்கு எந்த ஊசி போடுகிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

என் தகப்பனார் காலத்தில், பனி ஈரம் காயுமுன் பி.எச்.சி. தூளைச் சாக்குத் துணியில் கட்டிக் கையால் தட்டிக்கொண்டே வரப்பில் நடப்பார்கள். தூவச் சொன்னது எங்கள் துறைதான். தெரிந்து செய்த தவறு அல்ல, அன்றைய அறிவு அவ்வளவுதான். நம் நாட்டில் 1989ல் விவசாயத்துக்கு டி.டி.டி.யும், 1997ல் பி.எச்.சி.யும் தடையாயின. சொன்ன துறையே இப்போது வந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்.

மாட்டுக்கு வலி மருந்து வேண்டுமானால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மெலாக்சிகம் போடச் சொல்லுங்கள். அது கழுகுக்குத் தீங்கு செய்யாதது. மனிதனுக்கு வாங்கிய டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குப் போடாதீர்கள். இறந்த மாட்டின் மேல் விஷம் வைக்காதீர்கள். எலிக்கு மருந்து வைத்தால், செத்த எலியைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். அதைத் தின்னும் கூகையும் பருந்தும் சாகாமல் இருக்கும். பூச்சிமருந்தைப் பொருளாதாரச் சேத நிலை தாண்டினால் மட்டும், சொன்ன அளவில் அடியுங்கள். பயறு, கடலை, பருத்தி வயலில் ஏக்கருக்கு இருபது இடத்தில் கவைக் குச்சி நட்டுப் பறவைக்கு இருக்கை கொடுங்கள். பகலில் கரிச்சான் வந்து புழுவைப் பொறுக்கும். இரவில் கூகை வந்து எலியைப் பிடிக்கும். கூலியும் கேட்காது, கடனும் வாங்காது.

கோழிக்குஞ்சுக்கு என்ன வழி என்கிறீர்களா? குஞ்சு பெரிதாகும் வரை கவிழ்த்த கூடைக்குள் அடைத்து வையுங்கள். ஆத்தா கை தட்டட்டும், தப்பில்லை. கல் எறிய வேண்டாம்.

அமெரிக்காவில் அந்தப் பறவையைத் தொலைக்க இருபது ஆண்டு போதுமாக இருந்தது. திரும்பக் கொண்டுவர இருபத்தைந்து ஆண்டு ஆயிற்று. அதுவும், நுணுக்கம் தெரிந்த சிலர் தங்கள் கையிலிருந்த பறவையை மனம் வந்து கொடுத்ததால் ஆயிற்று.  கிடைத்த அறிவை வைத்துக்கொண்டு, இருக்கிற பறவையை இருக்கும்போதே காப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது.